எண்ணெய் ஊசி

மூன்று கிழமைக்கு ஒருக்கால்
டொக்யார்ட் வீதிக் கிளினிக்கில்
திரைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கிறேன்.
நர்ஸ் பர்வீன் சின்னக் குப்பியை
உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்குகிறாள்.
கடலை எண்ணெயில் கரைத்த ஆண்மை;
தடித்தது, மெல்லத்தான் இறங்கும்.
"காலைத் தளர விடுங்கோ ஐயா."
அறுபத்தாறு வயதில்
என்னிடம் இறுக்கமாய் மிஞ்சியிருப்பது
வெட்கம் மட்டும்தான்.

வீட்டில் இதற்குப் பெயர் விற்றமின்.

சீனன்குடா மாவாலையில் முப்பத்தொரு வருசம்
தூசியின் அடர்த்தி அளந்தவன் நான்.
கோதுமைத்தூள் காற்றில் கூடினால்
ஒரு பொறி போதும்.
அதனால் டொக்டர் கஜவதனன்
"உள்ளுக்குள்ள சின்னதா ஒரு அழற்சி,
எந்த நேரமும் எரிஞ்சுகொண்டிருக்கு" என்றபோது
எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.
அழற்சிக்குள் அழல் இருக்கிறது.
தமிழ் முன்னமே ரத்தம் சோதித்திருக்கிறது.

வயிற்றுக் கொழுப்பு, சீனி வருத்தம்,
விடியப்புறம் மூன்று மணிக்கு
என்னை எழுப்பும் முழங்கால்,
எல்லாம் ஒரே அடுப்பாம்.
ஓமோன் குறைந்தால் அடுப்புக் கூடலாம்,
அடுப்புக் கூடினால் ஓமோன் குறையலாம்.
எது முதல் என்று கேட்டேன்.
பேனையை மூடினார்.
ஊசி போட்டால் தணியுமா?
"சிலருக்குத் தணிஞ்சது எண்டு எழுதியிருக்கினம்.
சிலருக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டும்
எழுதியிருக்கினம்."
அந்த நேர்மைக்கு
இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

முதல் ஊசி போட்ட மூன்றாம் நாள்
உவர்மலை ஏற்றத்தில்
சைக்கிளை விட்டு இறங்காமல் மிதித்தேன்.
மருந்தா, ஆசையா,
முதுகில் கை வைத்துத் தள்ளிய கச்சான் காற்றா,
தெரியாது.

கோட்டை வாசலில் மான்கள்.
பொலித்தீன் பைக்குள் முகம் விட்டு
வாழைப்பழத்தோல் தின்கிறது ஒரு கலை.
கொம்பு உதிர்ந்து
நெற்றியில் இரண்டு செந்தழும்பு.
அதற்கும் இதே சாறுதான்:
ஏறினால் கொம்பு, இறங்கினால் உதிரும்.
பெட்டைகளுக்கு நடுவே மொட்டையாய் நின்று
கோயில் பஸ்ஸுக்கு வழிவிட்டது.
யாரிடமும்
விற்றமின் என்று சொல்லவில்லை.

நாலாம் மாத அறிக்கை வந்தது.
ஓமோன் இளந்தாரிக் கணக்கில் ஏறியிருக்கிறது.
சி.ஆர்.பி. ஐந்து தசம் எட்டு.
ஊசிக்கு முன்னம் ஐந்து தசம் ஒன்பது.
ஒரு தசமம் குளிர்ந்திருக்கிறேன்.
ரத்தம் மட்டும் தடித்துவிட்டதாம்;
"கொஞ்சக் காலம் நிப்பாட்டிப் பாப்பம்."
ஜாம் போத்தல் மூடி
ஒரே திருகலில் திறந்ததை எழுத
அந்தத் தாளில் இடமில்லை.

தாளை மேசையில் மறந்துவிட்டேன்.
நவமலர் சங்கக் கடையில் கணக்கு எழுதியவள்.
கண்ணாடி போட்டு
மேலிருந்து கீழாக வாசித்தாள்.
"விற்றமினுக்கு இவ்வளவு தசமமோ?"
பிறகு, சிரிக்காமல்,
"நான் எரிஞ்ச வருசம்
உங்களுக்கு நைட் ஷிப்ட்" என்றாள்.

அப்போது அவளுக்கு ஐம்பத்தொன்று.
என் லீவு நாளொன்றின் நடுச்சாமம்
பிரிஜ் கதவைத் திறந்துபிடித்து
அந்த வெளிச்சத்தில் நின்றாள்,
எதையும் எடுக்காமல்.
கழுத்தில் ஈரத் துவாய்.
கரண்ட் பில் கூடுது, கதவைச் சாத்து
என்றுவிட்டுப் படுத்தவன் நான்.
அவளுடைய நெருப்பை
யாரும் தசமத்தில் அளக்கவில்லை.

ஞாயிறு கன்னியாவுக்குப் போனோம்.
ஒரே நிலம், ஏழு கிணறு,
ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு.
மூன்றாவதில் வாளியை விட்டு அள்ளினேன்.
அவள் விரலை வைத்துப் பார்த்து
"இது கூடிப்போச்சு" என்று
அடுத்ததற்கு நடந்தாள்.
முழங்கால் நொந்தது.
வாளி தளும்பப் பின்னால் போனேன்.